பக்கல்யாவ், மொரூ, பக்கலா: ஒரே மீனுக்கு ஏன் இத்தனை பெயர்?

கேள்வி, பிப்ரவரி 11

வட அட்லாண்டிக்கில் கிடைக்கும் காட் மீனுக்குப் போர்த்துக்கீசில் பக்கல்யாவ், ஸ்பானிஷில் பக்கலாவோ, இத்தாலியனில் பக்கலா. மூன்றும் கைத்தடியைக் குறிக்கும் ‘பாக்குலும்’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தவை என்று படித்தேன். காய்ந்த காட் மீன் தடி மாதிரி விறைத்து நிற்பதால் அந்தப் பெயராம். அப்படியென்றால் பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் ஏன் மொரூ என்கிறார்கள்? அதுவும் லத்தீன் வழி வந்த மொழிதானே?

பதில், பிப்ரவரி 11, இரவு

பிரெஞ்சில் மொரூ மட்டும் இல்லை, கபியோ என்றும் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே மீன்தான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பாரிசுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. பிரெஞ்சு நாலு சொல்கூடத் தெரியாது. ஒருநாள் காலை சமையல்காரர் “மொரூவைத் தண்ணீரில் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். குளிர் அறையில் அன்றைக்கு வந்த பெட்டியில் வெள்ளையாக, தடிப்பாக மீன் துண்டுகள் இருந்தன. அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அது கபியோ, பச்சை மீன். மொரூ என்று அவர் சொன்னது கீழ்த் தட்டில் உப்பு மூடிக் கிடந்த பலகை மாதிரியான சாமானை. பச்சை மீன் தண்ணீர் குடித்துக் கெட்டது. உப்பு மீன் ஊறாததால் அடுத்த நாள் பட்டியலில் இருந்து ஒரு சாப்பாட்டை அழிக்க வேண்டியதாயிற்று. அங்கே வேலை செய்த போர்த்துக்கல்காரர்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைத் தொட்டு “கபியோ”, மற்றதைத் தொட்டு “மொரூ” என்றார். பிறகு இரண்டையும் சேர்த்துக் காட்டி “பக்கல்யாவ்” என்றார்.

நமக்கு மீன் வேறு, கருவாடு வேறு என்பதால் எனக்கு அது உடனே பிடிபட்டது. பெயர் பக்குவத்துக்கு வைத்த பெயர்.

தடி விளக்கம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. உப்பில்லாமல் காயவைத்த காட் மீனுக்கு டச்சு மொழியில் ஸ்டொக்விஸ் என்றுதான் பெயர், கம்பு மீன். இத்தாலியர்கள் அதை அப்படியே எடுத்து ஸ்டோக்கஃபிஸ்ஸோ ஆக்கினார்கள். ஸ்பானிஷில் பெஹெபாலோ என்றும் உண்டு. பெஹெ மீன், பாலோ கம்பு. ஆக கம்பும் மீனும் சேர்ந்தே திரிகின்றன.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதில் பாதியைத் திருப்பி எடுக்கிறேன். கம்பு மீன் என்ற பெயர் உண்மை. ஆனால் பக்கல்யாவுக்கும் பாக்குலுமுக்கும் உறவு இருப்பது கஷ்டம்.

லத்தீனில் ‘-குலும்’ என்று முடிந்த பழைய சொற்கள் இந்த மொழிகளில் எப்படித் தேய்ந்தன என்று பாருங்கள். கண்ணைக் குறிக்கும் ‘ஓக்குலும்’ ஸ்பானிஷில் ஓஹோ, போர்த்துக்கீசில் ஓல்யு. கண்ணாடியைக் குறிக்கும் ‘ஸ்பெக்குலும்’ ஸ்பானிஷில் எஸ்பேஹோ, போர்த்துக்கீசில் இஷ்பேல்யு. இரண்டிலும் நடுவில் இருந்த ‘க’ கரைந்தே போய்விட்டது. பாக்குலும் மக்கள் வாயில் புழங்கி வந்திருந்தால் போர்த்துக்கீசில் ‘பால்யு’ மாதிரி ஏதோ ஒன்று ஆகியிருக்க வேண்டும். பக்கல்யாவில் ‘க’வும் இருக்கிறது, ‘ல்ய’வும் இருக்கிறது, கடைசியில் ‘ஆவ்’ வேறு. அந்த வாலுக்கு லத்தீன் தடியில் இடமே இல்லை.

இப்போது டச்சுக்காரர்கள் பச்சைக் காட் மீனைச் சொல்லும் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கபல்யாவ்.

கபல்யாவ், பக்கல்யாவ்.

‘ல்ய’ பொருந்துகிறது, ‘ஆவ்’ பொருந்துகிறது. முன்னால் இருக்கும் இரண்டு எழுத்து மட்டும் இடம் மாறியிருக்கிறது. இது நமக்குப் புதிதா என்ன? மதுரையை மருதை என்கிறவர்கள் இருக்கிறார்கள். குதிரை குருதை ஆகிறது. தசையும் சதையும் ஒன்று, விசிறியும் சிவிறியும் ஒன்று. இலக்கணக்காரர்கள் போலி என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வாய்க்கு எது சுலபமோ அதன்படி எழுத்து புரளும். அதுவும் புரியாத அந்நியச் சொல் என்றால் பிடித்து நிறுத்த ஆளே இல்லை.

பிரெஞ்சு கபியோவைக் கவனித்தீர்களா? அது புரளவில்லை. டச்சுச் சொல்லின் எழுத்து வரிசை அப்படியே நிற்கிறது. டச்சு வழங்கும் ஃப்ளாண்டர்ஸுக்கு, அதாவது இன்றைய பெல்ஜியப் பக்கத்துக்கு, பக்கத்து வீடு என்பதால் நேரே காதில் கேட்டு எடுத்திருக்கிறார்கள். தெற்கே போகப் போகத்தான் புரண்டிருக்கிறது.

பிப்ரவரி 12, பின்னேரம்

இதையும் சொல்லிவிட வேண்டும். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாமில் உப்பு மீனுக்குப் பெயர் பக்கல்யாவ் என்றே ஒலிக்கும். டச்சுச் சொல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருக்கிற ஐபீரியாவுக்குப் போய்ப் புரண்டு, கடல் கடந்து, புரண்ட கோலத்திலேயே டச்சு பேசுகிறவர்களிடம் திரும்பி வந்திருக்கிறது. பச்சை மீனுக்குக் கபல்யாவ், உப்பு மீனுக்குப் பக்கல்யாவ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். பாரிஸ் குளிர் அறையில் நான் பார்த்த அதே பிரிவினை.

பிப்ரவரி 14

‘தலை’ என்ற விளக்கத்தையும் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லத்தீனில் தலை ‘காப்புட்’. அதிலிருந்து தெற்குப் பிரான்சின் கஸ்கோன் பேச்சில் கபில்யாவ் என்ற சொல் பிறந்து, பெரிய தலை உள்ள மீனைக் குறித்து, பிறகு வடக்கே போனது என்பது வாதம். காட் மீனுக்குத் தலை பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டச்சுச் சொல் 12 ஆம் நூற்றாண்டிலேயே ஃப்ளாண்டர்ஸ் பகுதி லத்தீன் ஆவணத்தில் வந்துவிடுகிறது. ஐபீரியாவில் பக்கலாவோ எழுத்தில் தலைகாட்டுவது அதற்கு மிகவும் பிந்தி. தவிர, காட் குளிர்க்கடல் மீன். கஸ்கோன் கரையில் நின்று தூண்டில் போட்டால் கிடைக்கிற சாமான் கிடையாது. பிடிக்கிறவன் ஊரில் பெயர் பிறந்து வாங்குகிறவன் ஊருக்குப் போனது என்பதைத்தான் நான் நம்புவேன்.

கபல்யாவுக்கே மூலம் எது என்று கேட்டால், அதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

பிப்ரவரி 15

முதல் கேள்வியில் மொரூ அப்படியே கிடக்கிறது. அதற்கு வருவோம்.

மொரூவின் பிறப்பும் முடிந்த வழக்கு இல்லை. அடிக்கடி சொல்லப்படுவது இது: கெல்ட்டிக் மொழிகளில் ‘மோர்’ என்றால் கடல், பழைய பிரெஞ்சில் ‘லூஸ்’ என்றால் பைக் என்கிற ஆற்று மீன், லத்தீன் ‘லூக்கியுஸ்’ வழியாக வந்தது. இரண்டும் சேர்ந்து கடல் பைக். அதே கடல் பைக் யோசனைதான் இத்தாலிய மெர்லுட்சோவுக்கும் ஸ்பானிஷ் மெர்லுசாவுக்கும் பிரெஞ்சு மெர்லூவுக்கும் சொல்லப்படுகிறது. அங்கே முன்பாதி லத்தீன் ‘மாரே’, கடல். உள்நாட்டில் ஆற்று மீன் தின்று வளர்ந்தவன் கடல் மீனுக்குத் தெரிந்த மீனின் பெயரை வைத்து முன்னால் கடலை ஒட்டவைப்பது நடக்கக்கூடிய காரியம்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் யார் யாரைக் குறிக்கிறார் என்பதில் பெரிய குழப்பம். இத்தாலியில் மெர்லுட்சோ என்றால் காட். ஸ்பெயினில் மெர்லுசா என்றால் ஹேக், வேறு மீன். அந்த ஹேக்குக்கு இத்தாலியில் நசெல்லோ. பிரெஞ்சில் மெர்லூ ஹேக், மெர்லூஷ் என்றால் காய்ந்த சரக்கு, மெர்லான் என்றால் இன்னொரு சின்ன மீன். ஸ்பெயின்காரரும் இத்தாலியரும் சேர்ந்து சாப்பிடப் போனால், ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு மீன் வரும்.

மெர்லான் பற்றி ஒன்று: 18 ஆம் நூற்றாண்டு பிரான்சில் முடி திருத்துகிறவர்களுக்கு அது பட்டப்பெயர். விக்குகளுக்குப் பொடி தூவித் தூவி, பொரிப்பதற்கு மாவில் புரட்டிய மெர்லான் மாதிரி வெள்ளையாக இருந்தார்களாம். ஸ்பெயினில் ஒருவர் மெர்லுசா பிடித்துவிட்டார் என்றால் நன்றாகக் குடித்திருக்கிறார் என்று பொருள்.

ருமேனியனும் லத்தீன் வழி மொழிதான், அங்கே ‘மொருன்’ என்று ஒரு மீன் இருக்கிறது, அதுவும் மொரூவும் ஒன்றா என்று கேட்கப் போகிறீர்கள். நானும் ஆசைப்பட்டேன். மொருன் என்பது கருங்கடலிலும் டான்யூபிலும் இருக்கிற பெலூகா, முட்டைக்குப் பேர்போன ராட்சத மீன். அந்தப் பெயர் கிரேக்க, பல்கேரியப் பக்கத்துச் சொல். பிரெஞ்சு மொரூவோடு சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடினால் இப்படித்தான் ஏமாறுவோம். தடி விஷயத்திலும் எனக்கு நடந்தது அதுதான்.

பிப்ரவரி 18

வெனிசுக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் நீளும்.

இத்தாலியில் பொதுவாகப் பக்கலா என்றால் உப்புக் காட், ஸ்டோக்கஃபிஸ்ஸோ என்றால் உப்பில்லாமல் காற்றில் காய்ந்த காட். ஜெனோவாவில் ஸ்டோக்கஃபிஸ்ஸோ, கலாப்ரியாவிலும் மெசினாவிலும் அதைச் சுருக்கி ‘ஸ்டோக்கோ’. ஆனால் வெனிஸ் பகுதியில் மட்டும் தலைகீழ். விசென்சாவின் பேர்போன பக்கலாவை வாங்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது உப்பு மீன் கிடையாது, காற்றில் காய்ந்தது. நாள்கணக்கில் ஊறவைத்து, வெங்காயமும் எண்ணெயும் பாலும் விட்டு, மெல்லிய தீயில் மணிக்கணக்காக வைத்து, சோளமாவுக் களியோடு தருவார்கள். எழுத்திலும் வித்தியாசம் காட்டுகிறார்கள்: இத்தாலியனில் நடுவில் இரட்டை ‘சி’, விசென்சாவில் ஒற்றை ‘சி’.

அந்த மீன் அங்கே எப்படி வந்தது என்பதற்கு ஒரு கப்பல் கதை சொல்வார்கள். 1431 ஏப்ரலில் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் பிரபு, மால்வசியா மதுவும் வாசனைப் பொருளும் ஏற்றிக்கொண்டு, 68 பேரோடு கிரீட்டில் இருந்து புறப்பட்டார். போக வேண்டிய இடம் ஃப்ளாண்டர்ஸ். வழியில் புயல் பிடித்தது, சுக்கான் உடைந்தது, கப்பலைக் கைவிட்டுப் படகுகளில் ஏறினார்கள். குளிரிலும் பசியிலும் பெரும்பாலானோர் செத்துப்போக, மிஞ்சியவர்கள் 1432 ஜனவரியில் நார்வேயின் லொஃபொட்டன் தீவுக்கூட்டத்தின் கடைக்கோடியில், ரோஸ்ட் தீவுக்குப் பக்கத்தில் ஒதுங்கினார்கள். உயிரோடு ஊர் திரும்பக் கொடுத்துவைத்தவர்கள் 11 பேர். ரோஸ்ட் மீனவர்கள் அவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள். குளிர்காலம் கழியும்வரை அங்கேயே இருந்தார்கள்.

குவெரினி ஊர் திரும்பி எழுதிய அறிக்கையில் அந்த மீனைப் பற்றி இருக்கிறது. உப்பில்லாமல் காற்றிலும் வெயிலிலும் காயவைக்கிறார்கள், மரம் மாதிரி கெட்டியாகிவிடுகிறது, சாப்பிட வேண்டுமானால் கோடரியின் பின்பக்கத்தால் அடித்து நார்நாராக்கி, வெண்ணெயும் வாசனைப் பொருளும் சேர்க்கிறார்கள் என்கிறார். அதை அவர் என்ன பெயரால் குறிப்பிடுகிறார் தெரியுமா? ஸ்டொக்ஃபிஸி. கம்பு மீன். பக்கலா என்ற சொல்லே அவர் எழுத்தில் இல்லை.

நான் இங்கேதான் நின்றுவிட்டேன். மீனைக் கண்ணால் கண்டு தின்று உயிர் பிழைத்தவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். அவருடைய சொந்த ஊர் பின்னால் ஐபீரியாவில் இருந்து வந்த இன்னொரு பெயரை எடுத்து அதே மீனுக்குச் சூட்டிக்கொண்டது. தெற்கில் இருந்து வந்த உப்பு மீனின் பெயர், வடக்கில் இருந்து வந்த காய்ந்த மீனின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வடக்கே ஏன் உப்பில்லை, தெற்கே ஏன் உப்பு என்று கேட்டால், காரணம் வானிலையிலும் உப்பளத்திலும் இருக்கிறது. லொஃபொட்டனில் பிப்ரவரி முதல் மே வரை குளிரும் காற்றும் காயவைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். ஈ கிடையாது, கெடுகிற வெப்பம் கிடையாது. இரண்டிரண்டு மீனாக வாலைக் கட்டி மரச் சட்டங்களில் தொங்கவிட்டால் போதும். போர்த்துக்கீசருக்கோ அவெய்ரோவிலும் செத்துபாலிலும் நல்ல உப்பளங்கள். கனடாக் கரையின் நியூஃபவுண்ட்லாந்துவரை போய்ப் பிடித்த மீனைக் கப்பலிலேயே உப்பில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். ஒரே மீன், இரண்டு கருவாடு.

பிப்ரவரி 19

குவெரினி போக நினைத்த ஃப்ளாண்டர்ஸ்தான் கபல்யாவ் என்ற சொல் வழங்கிய ஊர். நேற்று எழுதும்போது இது கண்ணில் படவில்லை. கப்பல் உடையாமல் போயிருந்தால் அந்தச் சொல்லை அவர் சந்தையிலேயே கேட்டிருப்பார்.

பிப்ரவரி 23

“பக்கலாவோ அமெரிக்கப் பழங்குடிகளின் சொல், கபோட்டே சொல்லியிருக்கிறார்” என்று ஒரு மறுப்பு வந்திருக்கிறது. இது வெறும் வதந்தி இல்லை, எழுத்தில் இருக்கிறது. ஸ்பானிஷ் அரசவையில் இருந்த இத்தாலியர் பீட்டர் மார்ட்டர் 1516 இல் வெளிவந்த தன் நூலில், கடலோடி செபாஸ்தியன் கபோட் அந்த நிலத்துக்கு பக்கலாவோஸ் என்று பெயரிட்டதாகவும், கடலில் நிறைந்து கிடந்த பெரிய மீன்களை அங்குள்ள மக்கள் அப்படி அழைத்ததே காரணம் என்றும் எழுதுகிறார். அந்தக் காலத்து வரைபடங்களிலும் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் அந்தப் பெயர் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே பக்கலூ என்று ஒரு தீவு உண்டு.

ஆனால் 12 ஆம் நூற்றாண்டு ஃப்ளாண்டர்ஸ் ஆவணத்தை என்ன செய்வது? அப்போது அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்து ஃப்ளாண்டர்ஸுக்குச் சொல் வர வழியில்லை. ஊர்க்காரர்கள் அப்படிச் சொன்னது உண்மையாகவே இருந்தால், கபோட்டுக்கு முன்னால் வந்துபோன ஐரோப்பிய மீனவர்களிடம் கேட்டுச் சொல்லியிருக்கலாம். அது என் ஊகம் மட்டும். பிரான்ஸ், ஸ்பெயின் எல்லைப் பக்கம் பேசும் பாஸ்க் மொழியின் பக்கைலாவோவைத் தாய்ச்சொல்லாக்குகிறவர்களுக்கும் இதே பதில். பாஸ்க் மீனவர்கள் இந்தத் தொழிலில் பெரிய கைகாரர்கள், அதில் சந்தேகமே கிடையாது. தொழில் பெரிதாக இருந்ததால் சொல்லும் அவர்களுடையதாகிவிடாது.

பிப்ரவரி 24

பழைய சாட்சி ஒன்று கிடைத்தது, தேடியது வேறு எதையோ. 1605 இல் வந்த செர்வாந்தெஸின் ஸ்பானிஷ் நாவல் தோன் கிஹோத்தே, முதல் பாகம், இரண்டாம் அத்தியாயம். வீரர் முதல்நாள் இரவு ஒரு சத்திரத்துக்கு வருகிறார். அன்று வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை, மீன்தான் இருக்கிறது. அந்த மீனை காஸ்தியாவில் அபதேஹோ என்பார்கள், அந்தலூசியாவில் பக்கல்யாவோ என்பார்கள், வேறு இடங்களில் குரதீயோ, இன்னும் சில இடங்களில் த்ருச்சுவேலா என்று செர்வாந்தெஸ் வரிசையாகச் சொல்கிறார்.

ஒரே நாட்டில், ஒரே மொழியில், நாலு பெயர்! அபதேஹோ என்றால் குட்டி மடாதிபதி. குரதீயோ என்றால் பதப்படுத்திய சின்ன மீன், கிட்டத்தட்ட நம் கருவாடு. த்ருச்சுவேலா என்றால் குட்டி ட்ரவுட், அது வேறு மீன். வீரர் அதை அப்படியே நம்பி, குட்டி ட்ரவுட் நிறைய இருந்தால் ஒரு பெரிய ட்ரவுட்டுக்குச் சமம் என்று கணக்குப் போடுகிறார். நான் தண்ணீரில் போட்ட கபியோதான் ஞாபகம் வந்தது.

துறைமுகங்கள் இருந்த அந்தலூசியாவில் பக்கல்யாவோ என்பதையும் கவனியுங்கள். கடல் வழியாக வந்த பெயர் கரையில் இறங்கி, உள்நாட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக விழுங்கியிருக்கிறது. இன்று ஸ்பெயினில் அபதேஹோ வேறொரு மீனுக்குப் போய்விட்டது.

மார்ச் 1

சொல்வழக்குகள் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவை.

ஸ்பெயினில் ‘பக்கலாவோவை வெட்டுகிறவர்’ என்றால் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர். கடையில் காய்ந்த மீனைப் பெரிய கத்தியால் வெட்டிப் பங்கிடுகிறவர் கையில்தான் எல்லாம் என்ற எண்ணம். ‘வேடம் போட்டு வந்தாலும் உன்னைத் தெரியும் பக்கலாவோ’ என்றும் உண்டு. இத்தாலியில் ஒருவரைப் பக்கலா என்றால் மந்தமானவர், அசையாமல் விறைத்து நிற்கிறவர். போர்த்துக்கலில் ஒரு காரியம் ‘பக்கல்யாவ் தண்ணீரில் நின்றுபோயிற்று’ என்றால் ஒன்றுமில்லாமல் போயிற்று. கை குலுக்குவதற்கு ‘பக்கல்யாவை அழுத்து’ என்பார்கள். அந்த மீனுக்கே ‘விசுவாசமான நண்பன்’ என்று செல்லப்பெயர். கிறிஸ்துமஸ் முதல்நாள் இரவு வேகவைத்த பக்கல்யாவும் உருளைக்கிழங்கும் கீரைக்கோசும் இல்லாத வீடு அங்கே குறைவு. என்னோடு வேலை செய்தவர் அந்த இரவு பாரிசில் வேலை பார்க்க நேர்ந்த வருடம், வீட்டில் இருந்து டப்பாவில் கொண்டுவந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடி சாப்பிட்டார். எனக்கும் பாதி வைத்தார்.

இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிரேசிலில் அடிமைகளை அடிப்பதற்கு வைத்திருந்த, பச்சைத் தோலை முறுக்கிச் செய்த சவுக்குக்குப் பெயர் பக்கல்யாவ். அடிமைமுறை அங்கே 1888 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கரீபியன் தீவுகளிலோ இந்த மீனின் மிகத் தாழ்ந்த தரம், ஐரோப்பாவில் விலைபோகாதது, கரும்புத் தோட்ட அடிமைகளுக்குச் சாப்பாடாகக் கப்பலேறியது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்று விரும்பித் தின்னும் மொரூப் பொரியலுக்குப் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது. விசுவாசமான நண்பன் என்று ஒரு கரையில் கொஞ்சிய சொல், கடலின் மறுகரையில் ஒருவன் முதுகில் விழுந்திருக்கிறது. இதைத் தெரிந்த பிறகு அந்தச் சொல்லை முன்போல லேசாக உச்சரிக்க முடியவில்லை.

மார்ச் 2

ரியோவில் போர்த்துக்கீசக் குடியேறிகள் வளர்த்த வாஸ்கோ ட காமா கால்பந்துக் கழகத்தின் ரசிகர்களை எதிரணியினர் பக்கல்யாவ் என்று சீண்டுவார்கள். நேற்றைய குறிப்பின் கனம் தாங்காமல் இதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 4

யாழ்ப்பாணத்தை இழுக்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை 1619 இல் பிடித்தார்கள், 1658 இல் ஒல்லாந்தரிடம், அதாவது டச்சுக்காரரிடம், இழந்தார்கள். ஐம்பது வருடம்கூட இல்லை. ஆனாலும் நாங்கள் சமைக்கிற இடம் குசினி. தின்பது பாண். உட்காருவது கதிரை. காலில் போடுவது சப்பாத்து. நாலும் போர்த்துக்கீசு. பின்னால் வந்த ஒல்லாந்தர் விட்டுப்போனது அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோர். ஆக, பக்கல்யாவ் சொன்ன வாயும் கபல்யாவ் சொன்ன வாயும் அடுத்தடுத்து எங்களை ஆண்டிருக்கின்றன. குசினிக்குள் நுழைந்தவர்கள் மீனின் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

காரணம் எளிது. எங்கள் கடலில் காட் கிடையாது. காயவைத்த மீன் வேண்டுமென்றால் சீலாக் கருவாடும் மாசியும் கையருகே கிடக்க, வட அட்லாண்டிக் மீனை யார் சுமந்து வருவான்? சொல் சரக்கோடுதான் வரும். சரக்கு இறங்காத துறையில் சொல்லும் இறங்கவில்லை.

மார்ச் 9

பெயர் பக்குவத்துக்கு வைத்தது என்று முதல்நாள் எழுதினேனே, அதைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் இரண்டு பக்கம் இருந்து இடித்துவிட்டார்கள்.

ஒன்று, கனடாவின் கியூபெக். அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் பச்சை மீனையும் மொரூ என்றே சொல்கிறார்கள். கபியோ பாரிஸ் வழக்கு. இரண்டு, மீன் எண்ணெய். பிரெஞ்சில் அது மொரூ ஈரல் எண்ணெய், போர்த்துக்கீசில் பக்கல்யாவ் ஈரல் எண்ணெய். எண்ணெய் எடுப்பது பச்சை ஈரலில் இருந்து, உப்புக்கும் அதற்கும் ஒன்றும் இல்லை. ஸ்காட்ஸ் எமல்ஷன் போத்தலில் பெரிய மீனை முதுகில் சுமந்து நிற்கிற மனிதரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தமிழர்களுக்குத் தெரியும். அவர் முதுகில் இருப்பது இந்த மீன்தான்.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். மொரூதான் பிரெஞ்சில் மீன் முழுவதற்குமான சொல்லாக இருந்திருக்க வேண்டும். பாரிசின் கடைகளிலும் சமையலறைகளிலும் கபியோ பச்சை மீனைப் பிடித்துக்கொண்டு மொரூவை உப்புப் பக்கம் ஒதுக்கிவிட்டது. கடல் தாண்டிப் போனவர்கள் பழைய ஏற்பாட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் ஒரு குளிர் அறையை வைத்து மொழி முழுவதற்கும் சட்டம் போட்டுவிட்டேன்.

மார்ச் 10

போர்த்துக்கல்காரரிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு விடுகதை போட்டார். அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததாம்: “ஆகும் முன்பே ஆகியிருந்தது, அது என்ன?” விடை பெஷ்காதா. ஹேக் மீனுக்குப் போர்த்துக்கீசில் அதுதான் பெயர், சொல்லின் நேர்ப்பொருள் ‘பிடிக்கப்பட்டது’. பிடிப்பதற்கு முன்னால் கடலில் நீந்தும்போதே அதன் பெயர் பிடிக்கப்பட்டது!

ஸ்பானிஷில் இந்தக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது: தண்ணீரில் இருக்கும்வரை பெஸ், பிடித்த பிறகு பெஸ்காதோ.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பாரிசின் லா ஷப்பெலில் மரக்கறி வாங்கப் போனவன் அப்படியே நடந்து பக்கத்து ஷாத்தோ ரூஜ் சந்தைக்குப் போனேன். ஆப்பிரிக்கக் கடை ஒன்றில் லொஃபொட்டன் கம்பு மீன் மூட்டையாகக் கிடந்தது. நைஜீரியர்கள் பெரிய வாடிக்கை. நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது நிவாரணமாகப் போன மீன் அங்கே விட முடியாத ருசியாகிவிட்டது. கடைக்கார அம்மாவிடம் “இது மொரூவா?” என்று கேட்டேன். “இல்லை” என்றார். “கபியோவா?” “இல்லை, இது ஒக்போரோக்கோ.” இக்போ மொழியில் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டதும் ஒரு மீனை எடுத்துப் பக்கத்தில் இருந்த பெரிய பானைக்குள் போட்டுக் குலுக்கினார். கடகடவென்று விறகு மாதிரிச் சத்தம். “அதுதான்,” என்றார். பானையில் சத்தம் போடுகிறது.

அரைக் கிலோ வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் குசினியில் ஊறுகிறது. மூன்று நாள் ஆகும்.